நுன்யெஸை ஞாபகம் இருக்கா?

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பழைய அறைத்தோழன் ஒருவனைப் பார்த்தேன். 2005 வாக்கில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருமே இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணிக்கு ரசிகர்கள். அப்புறம் அவன் ஒரு ஊர், நான் ஒரு ஊர். வேலை, பிள்ளைகள் படிப்பு, சர்க்கரை அளவு என்று விசாரிக்க வேண்டியதையெல்லாம் சாம்பார் முடிவதற்குள் விசாரித்துவிட்டோம். ரசத்துக்கு வந்தபோது பேச ஒன்றும் மிச்சமில்லை. அப்போது அவன் இலையைப் பார்த்தபடியே, "நுன்யெஸை ஞாபகம் இருக்கா?" என்றான்.

"டார்வின் நுன்யெஸா?"

"அவன் இல்லடா. பழைய நுன்யெஸ். பதினெட்டாம் நம்பர்."

அவ்வளவுதான். மோர் வரும்போது நாங்கள் ஹொசேமியில் இருந்தோம். இலை எடுக்க வந்தவர் "அடுத்த பந்திக்கு ஆள் நிக்குது சார்" என்று சொல்லும்போது, இகோர் பிஷ்சான் டிஃபெண்டரா மிட்ஃபீல்டரா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். (இரண்டும்தான். அதனால்தான் சண்டை.) கை கழுவும் இடத்தில் பக்கத்து இலைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இவங்கெல்லாம் பெரிய பிளேயருங்களா?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்ளோ சந்தோஷமாப் பேசுனீங்க?"

நியாயமான கேள்வி. அவருக்கு அங்கே நான் சொன்ன பதில் அரைகுறை. முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த நுன்யெஸ் யார் என்று பார்த்துவிடலாம். 2004-இல் லிவர்பூலின் செல்லப்பிள்ளை மைக்கேல் ஓவன் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். கோப்பைகளாக ஜெயித்துக் குவிக்கலாம் என்பது கணக்கு. அவருக்குப் பதிலாக லிவர்பூலுக்குக் கொஞ்சம் பணமும் கூடவே ஒரு ஆளும் வந்தது. அந்த ஆள்தான் அன்டோனியோ நுன்யெஸ். கடையில் சில்லறை இல்லையென்றால் கையில் மிட்டாய் வைப்பார்களே, ரசிகர்கள் அவரைப் பார்த்தது அப்படித்தான். வந்த சூட்டோடு பயிற்சியில் முழங்காலில் அடிபட்டு, சில மாதம் உட்கார்ந்துவிட்டார். மொத்தமே ஒரு சீசன். ஒரே ஒரு கோல். அந்த ஒரு கோலும் எப்போது என்றால், 2005 பிப்ரவரியில் கார்டிஃப் நகரில் செல்சியுடன் நடந்த லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், 113-ஆவது நிமிடத்தில். அதற்கு முந்தைய நிமிடம்தான் செல்சி தன் மூன்றாவது கோலை அடித்திருந்தது. ஆட்டம் 3-2 என்று தோல்வியில் முடிந்தது. இறுதி ஆட்டத்தில் கோல் போட்டும் யாருக்கும் ஞாபகமில்லாத மனிதர்.

ஆனால் மூன்று மாதம் கழித்து லிவர்பூல், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்தபோது நுன்யெஸ் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் இருந்தார். கோப்பைக்காகவே கிளப் மாறிய ஓவன் கடைசிவரை சாம்பியன்ஸ் லீக் ஜெயிக்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு நுன்யெஸ் மேல் தனிப் பாசம்.

சரி, இப்போது விளையாட்டுக்கு வருவோம். ஆமாம், இது ஒரு விளையாட்டு. ஒரே அணியின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், இங்கிலாந்து பப்பிலும் ஆடுவார்கள், திருவல்லிக்கேணி டீக்கடையிலும் ஆடுவார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். வெறும் பெயர் மட்டும். மற்றவர் முகத்தில் ஒரு நொடி ஒன்றும் இருக்காது. அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு வரும். "அடப்பாவி, அவனா!" அந்தச் சிரிப்புதான் பாயிண்ட். பிறகு அவர் தன் பங்குக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். ஃபோனை எடுத்துத் தேடினால் ஆட்டம் அங்கேயே செத்தது. புள்ளிவிவரம் சொல்வதும் அவ்வளவு மரியாதை இல்லை. "18 ஆட்டம், 2 கோல்" என்று ஆரம்பிக்கிறவரை யாரும் மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்தப் பெயர் செல்லும், எது செல்லாது என்பதில் எழுதாத சட்டங்கள் உண்டு. ஸ்டீவன் ஜெரார்ட் என்று சொன்னால் முறைப்பார்கள். ஜெரார்ட் உலகத்துக்கே சொந்தம். லிவர்பூல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவருக்கும் அவரைத் தெரியும். பெரிய பணம் கொடுத்து வாங்கி ஏமாந்த ஆளும் செல்லாது. 2011-இல் 3 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு வந்த ஆண்டி கேரலை மறக்க முயன்றாலும் விடமாட்டார்கள். தேவையானவர் நடுவில் இருப்பவர். உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் தெரிந்தவர், மறப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தும் மறக்காமல் எங்கோ ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்.

ஆலன் வாடில் நல்ல உதாரணம். 1973 டிசம்பரில், ஊர் எதிரியான எவர்ட்டனின் மைதானத்திலேயே, லிவர்பூல் அன்றைக்குப் போட்ட ஒரே கோல் அவருடையது. ஆட்டம் 1-0. அந்த கிளப்புக்காக அவர் வாழ்நாளில் அடித்ததும் அந்த ஒரே கோல்தான். ஒரே ஒரு தடவை திறக்கிற கதவு சரியான வீட்டில் திறந்தது. எதிரிக்கு எதிராக அடித்த கோல் என்றால் ஐம்பது வருடம் சோறு போடும்.

அலூ டியாரா வேறு ரகம். 2002-இல் லிவர்பூல் அவரை ஒப்பந்தம் செய்தது. மூன்று சீசனும் பிரான்சில் வேறு வேறு அணிகளுக்கு லோனில், அதாவது இரவலாக, அனுப்பியது. லிவர்பூலின் முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2005-இல் கிளம்பிப் போனார். அடுத்த வருடமே, 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வியேராவுக்குப் பதிலாக பிரான்சுக்கு இறங்கினார். இவர் பெயரைச் சொன்னால், "அவர் நம்ம பிளேயர்னு எப்படிச் சொல்றது?" என்று ஒரு வழக்கு ஆரம்பமாகும். எங்கள் தீர்ப்பு: சம்பளம் கொடுத்தோம், ஆகவே நம்மவர்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 'கல்ட் ஹீரோ' என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் பக்கத்து வீடுகள், ஒரே வீடு கிடையாது. கல்ட் ஹீரோவை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியில்தான் தெரியாது. கார்லைல் யுனைடெட் ரசிகர்களிடம் ஜிம்மி கிளாஸ் என்று சொல்லிப் பாருங்கள். 1999 மே 8, சீசனின் கடைசி நாள். ஜெயித்தால்தான் லீக்கில் நீடிக்கலாம். இல்லையென்றால் தொழில்முறை லீக்கை விட்டே வெளியே. பிளைமவுத்துடன் ஆட்டம் 1-1. கூடுதல் நிமிடங்களும் தீரப்போகிற நேரத்தில் ஒரு கார்னர் கிடைக்கிறது. கோல்கீப்பர் தன் கோலை அம்போவென்று விட்டுவிட்டு எதிர்முனைக்கு ஓடிவருகிறார். பந்து அவர் காலடியிலேயே வந்து விழுகிறது. அடித்தார், கோல். கார்லைல் பிழைத்தது, ஸ்கார்பரோ என்ற அணி கீழே போனது. அந்தக் கோல்கீப்பர்தான் ஜிம்மி கிளாஸ். ஸ்விண்டனிலிருந்து லோனில் வந்தவர். கார்லைலுக்கு மொத்தம் ஆடியது மூன்றே ஆட்டம். பிறகு கால்பந்தை விட்டு டாக்சி ஓட்டினார். அவரை ஞாபகம் வைத்திருப்பதில் எந்தச் சிரமமும் இல்லை, மறப்பதுதான் கஷ்டம். அதனாலேயே நம் விளையாட்டில் அவர் பெயருக்கு மதிப்பு குறைவு.

சவுத்தாம்டனின் அலி டியாவும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. 1996-இல் அந்த அணியின் மேனேஜர் கிரேம் சூனெஸுக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் தன்னை ஜார்ஜ் வியா என்று சொல்லிக்கொண்டார். முந்தைய வருடம் கால்பந்தின் பெரிய விருதான பாலன் டி'ஓர் வாங்கிய அதே வியா. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான், நன்றாக ஆடுவான் என்று சிபாரிசு. நம் ஊரில் மந்திரி வீட்டிலிருந்து பேசுகிறேன் என்பார்களே, அதே டெக்னிக். சூனெஸ் நம்பிவிட்டார். லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் மாட் லெ டிசியே காயமடைந்து வெளியேற, அரை மணி நேரத்தில் டியா உள்ளே. பந்து வலப்பக்கம் போனால் இவர் இடப்பக்கம் ஓடினார். 85-ஆவது நிமிடத்தில் மாற்றாக வந்தவரையே மாற்றி வெளியே எடுத்தார்கள். இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கில் அவர் வாழ்க்கை அவ்வளவுதான். இந்தக் கதை இவ்வளவு பிரபலமான பிறகு அலி டியாவை மறந்துபோன ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது.

பக்கத்து இலைக்காரரின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. ஏன் சந்தோஷம்?

பாதி விடையை நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கையில் ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் மற்ற காலத்தைவிடக் கூட்டமாக வந்து நிற்கும். 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்று அதற்குப் பெயர். கால்பந்தை வெறித்தனமாகப் பார்ப்பதும் அதே வயதில்தான். அதனால் முன்னாள் ரைட் பேக் ஒருவரின் பெயரைத் தொட்டால், அவரோடு சேர்ந்து அன்றைய அறை, அன்றைய வாடகை, அன்றைக்குக் காதலித்த பெண்ணின் தெரு எல்லாம் கிளம்பி வருகிறது. ஜெரார்டுக்கு ஏன் இந்த சக்தி இல்லை? அவர் பெயரைத் தினமும் கேட்கிறோம். தொட்டுத் தொட்டுத் தேய்ந்துபோன பெயர் அது, எந்த ஒரு நாளோடும் ஒட்டவில்லை. நுன்யெஸின் பெயரை அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆகவே அந்த ஒரு வருடம் அப்படியே அதற்குள் இருக்கிறது. துவைக்காமல் மடித்து வைத்த சட்டைப் பையில் பழைய பஸ் டிக்கெட் கிடைப்பது மாதிரி.

மீதிப் பாதி என் சொந்த அபிப்பிராயம். இந்தப் பெயர்கள் சாட்சி. வெற்றி பெற்ற அணியின் ரசிகன் என்று யார் வேண்டுமானாலும் பிறகு வந்து சொல்லிக்கொள்ளலாம். இறுதி ஆட்டத்தின் கோல்களை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஹொசேமியைத் தெரிந்திருக்க வேண்டுமென்றால் நீங்கள் நவம்பர் மாதத்து மழையில் நடந்த ஏதோ ஒரு மொக்கை ஆட்டத்தை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழியே இல்லை. என் நண்பன் நுன்யெஸ் என்று சொன்னபோது அவன் கேட்டது ஒரு ஆட்டக்காரரைப் பற்றியே இல்லை. "நீயும் அங்கேதானே இருந்தாய்?" என்றுதான் கேட்டான்.

அங்கே என்றால், மேன்ஷனின் கீழ்த்தள டிவி. 2005 மே 25 இரவு, நம் கணக்கில் 26 பிறந்து கால் மணி நேரம். இஸ்தான்புல்லில் லிவர்பூலும் ஏசி மிலானும். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் நிமிடத்திலேயே நம் லெஃப்ட் பேக் ஜிமி டிராவோரே ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தார், அதிலிருந்து மால்டினி கோல் அடித்தார். இடைவேளைக்குள் 3-0. காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் வரிசையாக எழுந்து போய்ப் படுத்துவிட்டார்கள். கடைசியில் நாங்கள் மூன்றே பேர்.

இந்த டிராவோரேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அதே ஜனவரியில், எஃப்ஏ கோப்பையில், கீழ்ப் பிரிவு அணியான பர்ன்லியிடம் லிவர்பூல் 1-0 என்று தோற்றது. அந்த ஒரு கோலையும் போட்டவர் டிராவோரே. சொந்த கோலில். தன் கோலுக்கு முன்னால், பக்கத்தில் எதிரி ஒருவரும் நெருக்காதபோது, பந்தைக் காலால் இழுத்துத் திருப்பி அழகாக வெளியே வர முயன்று, வலைக்குள் உருட்டிவிட்டார். லிவர்பூல் ரசிகர்களே அவரைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டினார்கள். அப்படிப்பட்டவர் இஸ்தான்புல்லில் இடைவேளையின்போது உன்னை மாற்றுகிறேன் என்று மேனேஜர் பெனிட்டெஸ் சொல்ல, பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாராம். அதற்குள் ஸ்டீவ் ஃபின்னனுக்குக் காயம் என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. ஃபின்னன் வெளியே, டிராவோரே மறுபடி பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே. ஆறு நிமிடத்தில் மூன்று கோல் விழுந்து 3-3 ஆனதெல்லாம் உலகத்துக்கே தெரியும். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து ஷெவ்சென்கோ அடித்த பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருந்தபோது, கோட்டுக்கு மேலேயே நின்று அதை வெளியே தள்ளிய கால் டிராவோரேயுடையது. அது போயிருந்தால், கடைசியில் ஜெயிக்கவைத்த பெனால்டியும் இல்லை, கோப்பையும் இல்லை. பர்ன்லியில் பந்தை வலைக்குள் இழுத்துவிட்டவரும் அவர்தான்.

அன்றைக்கு அணி இஸ்தான்புல் வரை வந்ததற்கே மறந்துபோன இருவர் காரணம். டிசம்பரில் கிரேக்க அணியான ஒலிம்பியாக்கோஸை 1-0 என்றோ, இரண்டு கோல் வித்தியாசத்திலோ ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. ரிவால்டோ அடித்து 0-1. இடைவேளைக்குப் பிறகு மாற்றாக வந்த சினாமா-பொங்கோல் முதல் கோல். 81-ஆவது நிமிடத்தில், மாற்றாக வந்து சில நிமிடமே ஆன நீல் மெல்லர் இரண்டாவது. மூன்றாவதை ஜெரார்ட் தூரத்திலிருந்து அடித்தார். எல்லோரும் போட்டுக் காட்டும் கோல் அதுதான். மெல்லர் முழங்கால் காயத்தால் இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றார்.

இந்த விளையாட்டை ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதியைச் சொல்கிறேன். பிரீமியர் லீக்கில் 1993-இலிருந்து ஒவ்வொருவருக்கும் சீசன் முழுக்க ஒரே நம்பர், முதுகில் பெயர். அதற்கு முன்பு களத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒன்றிலிருந்து பதினொன்று, அவ்வளவுதான். ஆகவே நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர் தானாக வரும். ஆட்டக்காரர்களின் படம் ஒட்டும் பனினி ஸ்டிக்கர் ஆல்பம் சேர்த்தவர்களுக்கு முகமும் வரும், அதுவும் ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பக் கிடைத்த முகம் சாகும்வரை மறக்காது. இன்னொரு கூட்டம் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து வந்தது. 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' ஆடியவர்களிடம் டோன்டோன் ஜோலா மொகோகோ என்று சொன்னால் கண் கலங்கிவிடும். டெர்பி கவுண்டியின் முதல் அணிக்காக அவர் நிஜத்தில் ஆடவே இல்லை. விளையாட்டிலோ கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்தவர். இங்கிலாந்தில் இப்போது 'பார்க்லேஸ்மேன்' என்று ஒரு சொல் புழங்குகிறது. 2001 முதல் 2016 வரை லீக்குக்கு ஸ்பான்சராக இருந்த வங்கிக் குழுமத்தின் பெயரிலிருந்து வந்தது, அந்தக் காலத்து நடுத்தர ஆட்டக்காரர்களுக்குச் செல்லப் பெயர். ஒரு வங்கியின் விளம்பரம் இவ்வளவு பாசத்துக்குரியதாகும் என்று அந்த வங்கியே நினைத்திருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நாம் மறந்துபோனவர் என்று சிரிக்கும் ஆள், தன் தெருவில், தன் பள்ளியில், தன் மாவட்டத்தில் யாரும் தொட முடியாத ஆட்டக்காரராக இருந்திருப்பார். இல்லையென்றால் அங்கே வந்திருக்கவே முடியாது. பெயரைச் சொல்லும்போது வரும் சிரிப்பில் கொஞ்சம் கும்பிடும் கலந்திருந்தால்தான் ஆட்டம் ருசிக்கும். வெறும் நக்கல் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

கல்யாண வீட்டுக்குத் திரும்புகிறேன். பந்தி முடிந்து வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இஸ்தான்புல் இரவில் பெஞ்சில் இருந்த ஏழு பேரையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். உள்ளே இறங்கிய மூவர் சுலபம்: ஹமான், ஷ்மிட்சர், சிஸ்ஸே. அப்புறம் நுன்யெஸ், ஹொசேமி, பிஷ்சான். ஆறு. ஏழாவது ஆள் வரவே இல்லை. நான் பெல்லெக்ரினோ என்றேன், அவன் அடித்துச் சொன்னான், இல்லை என்று. அவன் லெ டாலெக் என்றான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய மனைவி வந்து கார் காத்திருக்கிறது என்று இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் எழுந்தான். ஃபோனில் பார்க்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனான்.

இரவு பதினொன்றரைக்கு நான் பஸ்ஸில் இருந்தபோது ஒரே ஒரு சொல் வந்தது: "கார்சன்."

ஸ்காட் கார்சன். பத்தொன்பது வயது இரண்டாம் கோல்கீப்பர். அதே ஏப்ரலில் யுவென்டஸுக்கு எதிராக முதல் கோல்கீப்பர் டூடெக்குக்குப் பதிலாக இறங்கி ஆடியவர். கோல்கீப்பர் ஒருவர் பெஞ்சில் இருந்தே ஆக வேண்டும் என்பதுகூட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அதே கார்சன் பதினெட்டு வருடம் கழித்து, 2023 ஜூனில், மான்செஸ்டர் சிட்டியின் மாற்று கோல்கீப்பராக இன்னொரு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்குப் போனார். அதே இஸ்தான்புல், அதே அத்தாதுர்க் ஸ்டேடியம். அன்றைக்கும் அவர் அணி ஜெயித்தது. அன்றைக்கும் அவர் பெஞ்சை விட்டு இறங்கவில்லை.

இதை அவனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சிட்டி பெஞ்சில் மத்தவங்க யாரு?"